9 சென்டிமீட்டர் பாட்டு

பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் பெயர்தான். கேசட்டின் ஏ பக்கத்து லேபிளில், பாட்டு வரிசைக்கு மேலே இருந்த சின்ன இடத்தில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தேன். மை ஏறக்குறைய போய்விட்டது. அழுத்திய தடம் மட்டும் விரலால் தடவினால் தெரிகிறது. அப்போது எனக்குப் பத்து வயது. வீட்டில் இருந்த மற்ற கேசட்டுகள் எல்லாம் அப்பாவுடையவை, தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். இது ஒன்றுதான் நானே காசு சேர்த்து, நானே பார்த்து எடுத்தது. பக்கத்துக்கு நான்கு வீதம் எட்டுப் பாட்டு, எல்லாம் ஒரே பாடகி பாடியவை.

அதன் பிறகு எத்தனையோ ஆல்பங்கள் வந்தன, சிடியாக, ஃபைலாக, இப்போது ஃபோனில் விரல் நுனியில். அவற்றில் எதிலும் நான் பெயர் எழுதவில்லை. இந்த ஒன்றை மறுபடியும் ஓடவைத்துக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. மூன்று வார இறுதிகள் ஆயின. செய்ததையும் கெடுத்ததையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பழைய கேசட் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிக்கும் யாருக்காவது பயன்படும்.

கேசட்டின் நிலைமை இதுதான். நாடாவை அழுத்திப் பிடிக்கும் ஃபெல்ட் துண்டு கழன்று உள்ளே எங்கோ கிடந்தது, ஆட்டினால் கடகடவென்று சத்தம் வந்தது. வலது பக்கச் சக்கரத்தோடு நாடாவை இணைக்கும் தொடக்கத் துண்டு விட்டுப்போயிருந்தது. பார்க்கும் சன்னல் வழியாக, சுருளின் நடுவில் ஓர் இடத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. அது என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அக்கா ஒட்டிய செல்லோடேப்.

வாங்கிய சில வாரங்களிலேயே அது நடந்தது. ஏ பக்கத்தில் மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது குரல் திடீரென்று குழைந்து, நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் நாடா கொத்துக்கொத்தாக வெளியே வந்தது. டேப் ரெக்கார்டரில் நாடாவை இழுப்பது கேப்ஸ்டன் என்ற மெல்லிய உலோகத் தண்டும், அதோடு ஒட்டி உருளும் பிஞ்ச் ரோலர் என்ற ரப்பர் உருளையும். அவை தள்ளிவிடும் நாடாவை வலது பக்கச் சக்கரம் சுற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் சக்கரம் வலுவிழந்து நின்றாலும் தண்டும் உருளையும் நிற்பதில்லை, தள்ளிக்கொண்டே இருக்கும். போக இடமில்லாத நாடா உருளையைச் சுற்றிக்கொள்ளும். "டேப்பை மெஷின் தின்னுடுச்சு" என்று நாங்கள் சொன்னது இதைத்தான்.

நான் அழுதுகொண்டிருந்தேன். அக்காவுக்குப் பதிமூன்று வயது. கசங்கிய பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துச் செல்லோடேப் போட்டு ஒட்டி, பென்சிலால் சுற்றி உள்ளே அனுப்பினாள். "இப்ப பாடும் பாரு" என்றாள். பாடியது. அந்த இடம் வந்ததும் பாடகியின் குரல் போர்வைக்குள் போனது போல அமுங்கி, கீழ்ஸ்தாயி வாத்தியம் மட்டும் தும் என்று கேட்டு, பிறகு ஒரு வரியின் நடுவிலிருந்து பாட்டு தொடரும். நான் அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டது அப்படித்தான். இன்றும் முணுமுணுத்தால் அந்த இடத்தில் தாவித்தான் போகிறேன்.

முதல் வார இறுதி முழுவதும் மெஷினுக்கே போனது. பழைய டேப் ரெக்கார்டரில் நேராக இந்தக் கேசட்டைப் போடுவது மறுபடியும் தின்னக் கொடுப்பதுதான். பின்மூடியைக் கழற்றியதும் எதிர்பார்த்ததே நடந்திருந்தது. மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் உருகித் தாராகிவிட்டிருந்தது. பழைய ரப்பர் பெல்ட்டுகள் சில காய்ந்து வெடிக்கும், சில இப்படிக் கரும்பசையாக மாறும். இரண்டாவது வகை வந்தால் பொறுமையைத் தவிர வழியில்லை. விரலில் பட்டால் எளிதில் போகாது, மேசையில் பட்டால் மேசை போச்சு. கையுறை போட்டுக்கொண்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மோட்டாரின் சின்னச் சக்கரத்தையும், கேப்ஸ்டனைச் சுழற்றும் கனமான சக்கரத்தையும் பள்ளம் பள்ளமாகத் துடைத்தேன். அறுபது குச்சிக்கு மேல் ஆயிருக்கும். பள்ளத்தில் துளி கரி மிச்சமிருந்தாலும் புதுப் பெல்ட் அங்கே ஒவ்வொரு சுற்றிலும் துள்ளும், பாட்டில் நடுக்கமாகக் கேட்கும்.

புதுப் பெல்ட்டுக்கு அளவு எடுக்க, பழைய பெல்ட் ஓடிய வழியெல்லாம் ஒரு நூலைச் சுற்றி, நூலின் நீளத்தை அளந்தேன். அதில் பத்தில் ஒரு பங்குக்குள் குறைத்துக்கொண்டால் சரியான இழுப்பு வரும். நான் முதலில் வாங்கியது கூடுதலாக இறுக்கம். மோட்டார் திணறியது. ஒரு அளவு பெரியதைப் போட்டதும் சரியாயிற்று. இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். இறுக்கமான பெல்ட் மோட்டாரின் தண்டைப் பக்கவாட்டில் இழுத்து அதன் ஆயுளைக் குறைக்கும்.

நாடாவில் பதிந்த பாட்டைப் படிக்கும் ஹெட்டையும் கேப்ஸ்டனையும் துடைத்தபோது பஞ்சு காப்பி நிறமாக வந்தது. நாடாவிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு அது. யார் யாருடைய பாட்டோ பொடியாகப் பஞ்சில் வந்தது. பிஞ்ச் ரோலரின் ரப்பரைக் காயவைத்துவிடுமோ என்ற பயத்தில் அதற்கு மட்டும் ஆல்கஹால் வேண்டாம் என்று, லேசான சோப்புத் தண்ணீரில் துடைத்து உலரவிட்டேன். அப்புறம் போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டைப் போட்டு, இரண்டு பக்கமும் முழுதாக ஓடவிட்டேன். வலது சக்கரம் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை.

இரண்டாவது வார இறுதியில்தான் என் கேசட்டைத் திறந்தேன். மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக ஐந்து திருகுகள் இருக்கும் வகை அது. திருகு இல்லாமல் ஒட்டி மூடிய கேசட்டாக இருந்திருந்தால் கூட்டை உடைத்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அப்படி மாற்றினால் நாடா பிழைக்கும், ஆனால் பெயர் எழுதிய லேபிள் பழைய கூட்டோடு நின்றுவிடும். அதை நினைத்தபோதே ஒரு மாதிரி இருந்தது. ஐந்து திருகையும் பார்த்து நிம்மதிப்பட்டேன்.

திறப்பதில் ஒரே ஒரு விதிதான், கூட்டின் மேல் பாதியை நேராகத் தூக்க வேண்டும். சாய்த்தால் சுருள் சரிந்து, சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, 60 மீட்டருக்கு மேல் நாடா குவியலாகிவிடும். திறந்து வைத்ததும் முதலில் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். உள்ளே இருப்பவை குறைவுதான், ஆனால் இடம் மாறினால் ஓடாது. இரண்டு சக்கரங்கள், முன் மூலைகளில் இரண்டு சின்ன உருளைகள், மேலும் கீழும் வழுக்கலான ஒவ்வொரு மெல்லிய தாள், ஃபெல்ட்டைத் தாங்கும் வளைந்த உலோகப் பட்டை, அதற்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு. நான் படம் எடுத்த பிறகும் ஒரு தப்புச் செய்தேன். ஒரு மூலையில் நாடாவை உருளைக்கு வெளியே கொண்டுபோவதற்குப் பதில் உள்ளே விட்டுவிட்டேன். மூடித் திருகி, ஓடவிட்டு, கீச்சென்று சத்தம் வந்து, மறுபடியும் திறந்தேன்.

ஃபெல்ட் துண்டை ஒரு காலிக் கேசட்டிலிருந்து, பட்டையோடு சேர்த்தே எடுத்து மாற்றினேன். ஃபெல்ட்டை மட்டும் பசை போட்டு ஒட்டலாம், ஆனால் பசை கொஞ்சம் ஊறி மேலே வந்தாலும் நாடாவில் படும். சின்னத் துண்டுதானே என்று இதை விட்டுவிட முடியாது. ஹெட்டோடு நாடாவைச் சேர்த்து அழுத்துவது இதுதான். இல்லாவிட்டால் பாட்டு கேட்கும், ஆனால் மேல்ஸ்தாயி எல்லாம் மங்கி, அடுத்த அறையில் பாடுவது போல இருக்கும். தொடக்கத் துண்டைச் சக்கரத்தின் பிடிப்பில் செருகி, நாடாவோடு ஒட்டினேன். பென்சிலைச் சக்கரத்தின் ஆறு பற்களுக்குள் விட்டுச் சுற்றும்போது கைக்கு எல்லாம் நினைவிருந்தது.

செல்லோடேப்பை அன்றைக்குத் தொடவில்லை. அதை எடுக்கப்போய் எல்லாம் கெட்டாலும் கெடலாம். எனவே முதலில் இருக்கிற நிலையில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். பழைய நாடா எத்தனை தடவை ஓடும் என்று சொல்ல முடியாது, முதல் ஓட்டத்தையே பதிவு செய்துவிடுங்கள்.

பதிவைத் தொடங்குமுன் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஹெட்டின் பக்கத்தில் ஒரு திருகு ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். அதை மிகக் கொஞ்சமாகத் திருப்பினால் ஹெட் சாயும். ஹெட்டின் முகத்தில் கீறல் போல இருக்கும் நுண்ணிய இடைவெளி நாடா ஓடும் திசைக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் நுண்ணிய ஒலிகள் காணாமல் போகும். இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து மோனோவில் கேட்டுக்கொண்டே திருப்புவது எளிய வழி. சாய்வு தப்பாக இருக்கும்போது இரண்டு தடங்களின் மேல்ஸ்தாயிகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கும். சரியான இடம் வந்ததும் ஜன்னலைத் திறந்தது போல ஆகும். பாடகி 'ச' என்று உச்சரிக்கும் இடத்தை வைத்துத்தான் சரிபார்த்தேன்.

பிறகு மோனோவை எடுத்துவிட்டு, கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து, 24 பிட் ஆழத்தில், உச்ச அளவு கொஞ்சம் கீழேயே நிற்கும்படி வைத்து, ஓடவிட்டேன்.

முதல் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் அமைதியில், மிக மெல்லியதாகப் பாடகியின் குரல் கேட்டது. பாடப்போகும் முதல் சொல்லைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பது போல. மூன்று நொடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், அதே சொல் முழுக் குரலில் வருகிறது. இதை நான் அடியோடு மறந்திருந்தேன். சிறுவயதில் அவர் நிஜமாகவே மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறார் என்று நம்பியிருந்தேன். சுருளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நாடாவின் காந்தம் பக்கத்துச் சுற்றில் லேசாகப் பதிந்துவிடுவதால் வருவது இது. முழுச் சுருளின் வெளிச்சுற்று சுமார் 14 செ.மீ. நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. வகுத்துப் பாருங்கள், அந்த மூன்று நொடி வந்துவிடும். ஃபோனில் இருக்கும் அதே ஆல்பத்தில் அந்த இடம் சுத்தமான அமைதி. ஒத்திகை கிடையாது.

இந்த 4.76 எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியதிலிருந்து வேகம் நொடிக்கு 4.76 செ.மீ., நாடாவின் அகலம் 3.81 மி.மீ. எந்த நாட்டில் பதிந்த கேசட்டும் எந்த நாட்டு மெஷினிலும் ஓடுவது அதனால்தான். நேரத்தை நீளமாகவும் நீளத்தை நேரமாகவும் மாற்றிப் பார்க்க முடிவதும் அதனால்தான்.

ஆனால் என் மெஷின் அந்த வேகத்தில் ஓடுகிறதா? ஃபோனில் இருக்கும் பதிப்பையும் என் பதிவையும் ஆடாசிட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். முதல் பாட்டு அங்கே 280 நொடி, என்னிடம் 276 நொடி. ஒன்றரை சதவீதம் வேகம் கூடுதல். சுருதியில் அது அரைச் சுரத்தின் கால் பங்குதான், ஆனால் பாடகியின் குரல் கொஞ்சம் இளமையாகக் கேட்டதன் காரணம் தெரிந்தது. மோட்டாரின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை, அதற்குள் வேகத்தைத் திருத்தும் திருகு. பிளாஸ்டிக் முனையுள்ள திருகுளியால் மயிரிழை அளவு திருப்பி, பாட்டைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டு, அளந்து, மறுபடி திருப்பி, நாலைந்து முறையில் 280க்கு வந்தது. கேசட் பதியப்பட்டபோதே வேகம் கொஞ்சம் பிசகியிருக்கவும் கூடும், அதனால் மெஷினின் வேகத்தை ஒரு கேசட்டை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது முறையில்லை. என் நோக்கம் இந்த ஒரு ஆல்பம் என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டு, மறுபடி முழுவதும் பதிவு செய்தேன்.

இப்போது மூன்றாவது பாட்டு. இரண்டு அலைவடிவங்களும் கைகோத்துக்கொண்டு போகின்றன. ஏ பக்கத்தில் 14 நிமிடம் 10 நொடியில் என்னுடையது திடீரென்று மெலிகிறது. அதன்பின் இரண்டும் பொருந்தவில்லை. என்னுடையதை 1.9 நொடி நகர்த்தினால் மறுபடி பொருந்துகின்றன. 1.9 ஐ 4.76 ஆல் பெருக்கினால் 9 செ.மீ.

என் நடுவிரலை மேசையில் வைத்து அளந்தேன். ஏறக்குறைய அவ்வளவுதான். அக்கா வெட்டி எறிந்தது ஒரு விரல் நீளம்.

மெலிந்த பகுதி தனி. அது 0.4 நொடி, அதாவது 2 செ.மீ., செல்லோடேப்பின் நீளம். அக்கா அதை நாடாவின் எந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. கேசட்டில் நாடாவின் வெளிப்பக்கம்தான் ஹெட்டைத் தொடும். ஒட்டு உட்பக்கம் போட வேண்டும். அவள் வெளிப்பக்கம் போட்டிருக்கிறாள். ஹெட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர். அப்படியானால் பாட்டு முழுவதும் அமுங்காமல் கீழ்ஸ்தாயி மட்டும் எப்படிக் கேட்டது? 1000 ஹெர்ட்ஸ் ஒலி நாடாவில் ஓர் அலைக்கு எடுத்துக்கொள்வது 0.048 மி.மீ. இடம். செல்லோடேப்பின் தடிமனும் கிட்டத்தட்ட 0.05 மி.மீ. இவ்வளவு விலகினால் அந்த ஒலி ஹெட்டை எட்டாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை அதைப்போல் பத்து மடங்கு நீளம், அது சுவரைத் தாண்டி வந்துவிடும். போர்வைக்குள் போன குரலும், மிச்சமிருந்த தும் என்ற ஒலியும் இதுதான்.

அதாவது, வெட்டி எறிந்தது போக, அந்தச் செல்லோடேப்புக்கு அடியில் 0.4 நொடிப் பாட்டு இன்னும் இருக்கிறது. இத்தனை வருடமும் இருந்திருக்கிறது.

பி பக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணமே எனக்கு இல்லை. வெட்டு ஏ பக்கத்தில் நடந்தது என்றுதான் மனதில் பதிந்திருந்தது. பதிவை மூடப்போகும்போதுதான் உறைத்தது. நாடா ஒன்றுதான். அகலத்தின் ஒரு பாதியில் ஏ பக்கம், மறு பாதியில் எதிர்த்திசையில் பி பக்கம். கத்தரிக்கோல் குறுக்கே வெட்டியது இரண்டையும்தான். ஒரு பக்கம் மொத்தம் 22 நிமிடம் 30 நொடி. அதில் 14:10 போனால் 8:20. பி பக்கத்தில் 8 நிமிடம் 20 நொடிக்குப் போனேன்.

அங்கே இரண்டாவது பாட்டின் நடுவில் புல்லாங்குழல் தனியாக வருகிறது. வாசித்துக்கொண்டே போய், ஒரு கணம் நின்று, மூச்சு வாங்கி, வேறொரு இடத்திலிருந்து தொடங்கும். இந்த ஆல்பத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அந்த மூச்சுக்காகவே அந்தப் பாட்டைப் போடுவேன். இசை தெரிந்த ஒரு நண்பனிடம், வாசிப்பவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் என்று ஒருமுறை நெடுநேரம் பேசியிருக்கிறேன். ஃபோனில் உள்ள பதிப்பைக் கீழே வைத்தேன். அதில் புல்லாங்குழல் நிற்கவே இல்லை. ஒரே மூச்சில் வளைந்து வளைந்து இறங்கி, நான் இதுவரை கேட்டிராத சில சுரங்களைத் தொட்டு, அந்த வேறொரு இடத்துக்கு வந்து சேர்கிறது. அந்த மூச்சை வாங்கியது அக்காவின் செல்லோடேப்.

அன்றிரவு அந்த இரண்டையும் மாறி மாறிக் கேட்டேன். முழுதாக இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த பாட்டு அதுவல்ல.

மூன்றாவது வார இறுதிக்குள் இரண்டு தடவை மனம் மாறினேன். எடுக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் செல்லோடேப்பின் பசை நாள்பட ஊறி ஓரங்களில் கசியும், மேலும் கீழும் உள்ள சுற்றுகளோடு ஒட்டிக்கொள்ளும், ஒருநாள் சுற்றும்போது இழுத்துக் கிழிக்கும். ஏற்கெனவே பக்கத்துச் சுற்றில் மஞ்சள் தடம் விழுந்திருந்தது. இருக்கிற நிலையில் பிரதி கையில் இருக்கிறது. எனவே எடுத்தேன்.

மேசையில் வெள்ளைத் தாள், நல்ல வெளிச்சம், பூதக்கண்ணாடி, தட்டையான முனையுள்ள இடுக்கி. காந்தம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதால் காந்த முனைத் திருகுளியை அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்தேன். கேசட்டை 14 நிமிடம் வரை ஓட்டி, அந்த இடத்தை மட்டும் ஒரு வளையமாக வெளியே எடுத்தேன். செல்லோடேப்பின் ஒரு பாதி பசை காய்ந்து தானாகவே எழும்பியிருந்தது, இடுக்கியால் பிடித்ததும் வந்துவிட்டது. மறு பாதி பிடிவாதமாக இருந்தது. மேல்நோக்கி இழுக்காமல், பின்னால் மடித்து, நாடாவோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்தபடி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இழுத்தேன். நடுவில் ஓர் இடத்தில் மெல்லிய பழுப்புக் கறை செல்லோடேப்போடு வருவதைப் பார்த்தேன். நிறுத்தினேன். அந்தக் கறைதான் பாட்டு. எதிர் முனையிலிருந்து தொடங்கிப் பார்த்தேன், அதற்குள் 6 மி.மீ. நீளத்துக்கு ஒரு விளிம்பு போய்விட்டிருந்தது. அங்கே நாடாவுக்கு அப்பால் வெளிச்சம் தெரிந்தது.

மிச்சப் பசையைத் துடைக்கும்போது மிகக் கவனமாக இருந்தேன். பின்பக்கம் ஆல்கஹால் பட்டால் பெரிதாகப் பாதகமில்லை, பதிவுப் பக்கத்தில் அதிகம் தேய்த்தால் ஆக்சைடு வரும். பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்து, ஒரே திசையில் ஒற்றினேன், தேய்க்கவில்லை. மூன்று குச்சியோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குமேல் சுத்தம் வேண்டும் என்ற ஆசை வந்தால் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வருவது நல்லது.

ஒட்டுவதற்கு ஸ்பிளைசிங் பிளாக் என்ற சின்ன உலோகக் கட்டை இருக்கிறது. அதன் நீளவாக்கில் நாடா சரியாக உட்காரும் பள்ளம், குறுக்கே 45 பாகைச் சாய்வில் பிளேடு போக ஒரு கீறல். சாய்வாக வெட்டினால் ஒட்டிய இடத்தில் 'டக்' என்று கேட்காமல் ஓர் ஒலி மறைந்துகொண்டே மற்றது வரும். அக்காவின் வெட்டு இரண்டு முனையிலும் வேறு வேறு கோணத்தில் இருந்தது. சேர்த்தால் நடுவில் முக்கோண இடைவெளி. சரியாகப் பொருந்த, முனைக்கு ஒரு மில்லிமீட்டர் வெட்டியே ஆக வேண்டும். மொத்தம் 2 மி.மீ., நொடியில் நூற்றில் நான்கு பங்கு. யாருக்கும் கேட்காது. இருந்தாலும் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்டிய இரண்டு துணுக்குகளையும் எறியவில்லை, கேசட்டின் அட்டைக்குள் ஒரு சின்னக் காகித உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

முனைகள் ஒன்றையொன்று தொட வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. நாடாவுக்கென்றே வரும் ஒட்டுப் பட்டையைப் பின்பக்கத்தில் வைத்து, நகத்தால் ஒரே சீராக அழுத்தினேன். அகலம் நாடாவைவிட மயிரிழை குறைவு, அதனால் ஓரங்களில் பசை கசியாது. பென்சிலால் சுற்றி உள்ளே அனுப்பினேன். அக்கா செய்ததும் அதே வேலைதான். கையில் கத்தரிக்கோலும் செல்லோடேப்பும் மட்டும் இருந்த ஒரு பதிமூன்று வயதுச் சிறுமி செய்த அந்த ஒட்டு இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது, ஆயிரம் தடவையாவது அந்த உருளைகளுக்கு நடுவே போய் வந்திருக்கும். என்னுடைய ஒட்டு அவ்வளவு தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

ஏ பக்கத்தை ஓடவிட்டேன். 14 நிமிடம் 10 நொடி. குரல் அமுங்கவில்லை. ஒரு சொல்லின் கடைசி அசை முழுதாக, தெளிவாக வந்தது. தாவல் அப்படியே இருக்கிறது, அந்த 9 செ.மீ. எங்கே போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும். ஆனால் தாவலுக்கு இந்தப் பக்கம் ஓர் அசை, அந்தப் பக்கம் ஓர் அசை, நான் ஒருநாளும் கேட்காத இரண்டு அசைகள் என் கேசட்டிலிருந்து வந்தன. ஃபோனில் அவற்றைக் கேட்டிருக்கிறேன்தான். இது வேறு.

பி பக்கத்தில் ஆக்சைடு போன விளிம்பு விழுந்திருக்கிறது. 6 மி.மீ. என்றால் 0.13 நொடி. புல்லாங்குழல் திரும்பி வந்துவிட்டது, ஆனால் நடுவில் ஒரு சின்ன மௌனம் மிச்சமிருக்கிறது. மூச்சு வாங்குவது இன்னும் கேட்கிறது, முன்னைவிடச் சிறியதாக. கணினியில் அதை நிரப்பிவிட முடியும். ஃபோன் பதிப்பிலிருந்து 1.9 நொடியையும் எடுத்து வைத்து, தாவலே இல்லாத ஃபைல் ஒன்றைச் செய்துவிட முடியும். செய்யவில்லை. முழுதான பதிப்பு வேண்டுபவர்களுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. என் கணினியில் இரண்டு பதிவுகளை வைத்திருக்கிறேன், செல்லோடேப்போடு ஒன்று, செல்லோடேப் இல்லாமல் ஒன்று.

அடுத்த வாரம் அக்கா வந்திருந்தாள். ஒன்றும் சொல்லாமல் கேசட்டைக் கையில் கொடுத்தேன். முதலில் என் பெயரைப் பார்த்துச் சிரித்தாள். "இது இன்னும் இருக்காடா?" என்றாள். மூன்றாவது பாட்டிலிருந்து போட்டேன். அவளும் கூடவே பாடிக்கொண்டு வந்தாள். அந்த இடம் நெருங்கியதும் வாயை மூடிக்கொண்டு, கீழ்ஸ்தாயி வாத்தியத்தைப் போலத் தொண்டைக்குள் தும் என்று ஒலி எழுப்பி, சரியாகத் தாவி, வரியின் நடுவிலிருந்து பிடித்தாள். அவளுக்கும் அந்தப் பாட்டு அப்படித்தான் தெரியும். ஆனால் அவள் வாயை மூடிய நேரத்தில் பாடகி பாடிவிட்டார்.

அக்கா நிறுத்திவிட்டாள்.

"அங்க ஏதோ சொன்னாங்களே. என்னது அது?"

செல்லோடேப்பைப் பற்றிச் சொன்னேன். தப்பான பக்கம் ஒட்டியதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கி, அதையும் சொன்னேன். மெஷினிலிருந்து கேசட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, சன்னல் வழியாகச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பென்சில் இருக்கா?" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். அவளே சுற்றினாள்.